தார்சினின் தொட்டிக்கு எந்தச் செடி

இஸ்ஃபஹான்,
ஃபர்வர்தீன் மாதம் பதினாறாம் நாள்.

அன்பு மகள் நஸ்தரனுக்கு,

அப்பா ஈரஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும், மாடியில் குடியிருப்பவர்களும், முற்றத்து மாதுளை மரமும் நலம். உன் நலத்தையும் கிராட்ஸ் நகரத்துக் குளிரின் நலத்தையும் அறிய ஆவல். நீ பக்கத்தில் இல்லை என்ற ஒரு குறையைத் தவிர எங்களுக்கு வேறு குறை இல்லை. இருந்தாலும் அதைக் கடிதத்தில் எழுதுவது வழக்கமில்லை. தார்சின் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சில இடங்களில் உனக்கு அதில் சந்தேகம் வரலாம். வரும்போதெல்லாம் இந்த வரிக்குத் திரும்பி வந்து ஒருமுறை படித்துக்கொள்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிப்பது உன் அம்மா மெஹ்ரி. அதனால் அவள் தையல் வகுப்புக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஆரம்பித்த வாக்கியங்களை எல்லாம் நானே முடிப்பது என்ற உறுதியோடு எழுதுகிறேன்.

விஷயம் செடி. இலையுதிர் காலத்தில் நீ படிப்புக்குத் திரும்பிப் போனபோது தார்சினை என் பொறுப்பில் விட்டு, இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக் கண்ணாடித் தொட்டியின் மேல் ஒட்டிவிட்டுப் போனாய். அதை நான் தினமும் படிக்கிறேன். சிறுத்தைப் பல்லி, வறண்ட நாட்டுப் பிராணி, பகலில் தூங்கும், மாலையில் மாவுப்புழு கொடுக்க வேண்டும், தொட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், தோல் உரிக்க ஈரமான மறைவிடம் ஒன்று வேண்டும், வீட்டுப் பல்லி மாதிரிக் கண்ணாடியில் ஏறத் தெரியாது, வால்தான் அதன் உணவுக் கிடங்கு. எல்லாம் சரி. கடைசி வரியில்தான் என்னை மாட்டிவிட்டாய். 'தொட்டியில் செடி வைக்க வேண்டும். உயிர்ச்செடியா, பிளாஸ்டிக் செடியா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் அப்பா.' நான் எதையாவது முடிவு செய்து நீ எப்போது பார்த்தாய்? வீட்டில் உன் அம்மா. அலுவலகத்தில் இன்ஜினியர் சைரஃபி. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வரைபடம் வரைந்தேன். வடக்கு எந்தப் பக்கம் என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்கப் போய், அவர் நிமிர்ந்து பார்த்ததும், 'ஜன்னல் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல வந்தேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இப்படிப்பட்டவனிடம் நீ ஒரு முடிவை ஒப்படைத்துவிட்டுப் போனாய். சரி, இந்த ஒன்றையாவது யாரையும் கேட்காமல் நானே செய்வது என்று அன்றைக்கே உறுதி எடுத்துக்கொண்டேன்.

முதலில் பிளாஸ்டிக். யாரையும் கேட்கவில்லை, ஆனால் உன் அம்மா தானாகவே சொன்னாள். "தண்ணி ஊத்த வேணாம், வாடாது, மாசத்துக்கு ஒரு தடவ கழுவினாப் போதும். நம்ம கல்யாணத்தன்னிக்கு வாங்கின பிளாஸ்டிக் ரோஜா இன்னிக்கும் வரவேற்பறையில அப்படியே இருக்கு. உங்களப் பாருங்க." உடனே கல்யாணக் கார்களுக்கு அலங்காரம் செய்பவர்களின் தெருவுக்குப் போய் ஒரு கொடி வாங்கி வந்தேன். ஒரு பகல் முழுக்க வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் தொட்டியில் போட்டேன், அந்தக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது மணமகள் காருக்கான கொடி என்பதால் இலைக்கு இலை ஜிகினா ஒட்டியிருந்தது, அது வினிகருக்கு அசையவில்லை, தார்சினின் வயிற்றுக்கு அசைந்துவிட்டது. மஞ்சள் உடம்பில் பட்டைத்தூள் தூவியது போல் இருக்கிறது என்றுதானே நீ அதற்குத் தார்சின் என்று பட்டையின் பெயரை வைத்தாய். மூன்று நாள் அது பட்டையும் ஜிகினாவும் சேர்ந்து ஜொலித்தபடி யாருடைய கல்யாணத்துக்கோ கிளம்பியது போலத் தொட்டிக்குள் சுற்றியது. பிறகு அது நாக்கால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன், நாக்கிலும் ஜிகினா. எனக்கு உயிரே போய்விட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பொட்டாக எடுத்தேன். கொடியைச் சுருட்டி ஹீட்டர் மேல் போட்டுவிட்டேன்.

அடுத்தது உயிர்ச்செடி. யாரையும் கேட்கக் கூடாது என்ற உறுதியில் இருந்ததால் தெருமுனை மீன் கடைக்காரரிடம் மட்டும் கேட்டேன். "செடி பல்லிக்கா, உங்களுக்கா?" என்றார். பல்லிக்கு என்றேன். "பல்லி கேட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப உங்களுக்குத்தான். உங்களுக்குப் பிடிச்சத வைங்க" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் தீனி போடப் போய்விட்டார். எனக்குப் பிடித்தது சாப்பாட்டோடு தின்னும் ரெய்ஹான் துளசியும் புதினாவும். நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்று வேரைக்கூடக் கழுவித்தான் நட்டேன். நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால் மண் ஈரமாகும், கீழே சூடு இருப்பதால் ஈரம் ஆவியாகும், ஒரே வாரத்தில் தொட்டி ஆவி பறக்கும் பொதுக் குளியலறை மாதிரி ஆகி, வறண்ட நாட்டுப் பல்லி முகம் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சாப்பாடாக விட்ட சில்வண்டுகள் புதினாவைச் சாப்பிட்டுக் கொழுத்தன. இதெல்லாம் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை உன் மாமா திடீரென்று சாப்பிட வந்துவிட்டார், கபாப் தயார், வீட்டில் பச்சைக் கீரை இல்லை, உன் அம்மா நேராகத் தொட்டிக்குப் போய் மூடியைத் திறந்து ரெய்ஹானைப் பறித்துக் கழுவித் தட்டில் வைத்துவிட்டாள். உன் மாமா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இது எந்தத் தோட்டத்து ரெய்ஹான் மெஹ்ரி, ருசியே தனியா இருக்கு" என்றார். நான் அன்றைக்கு வெறும் ரொட்டி சாப்பிட்டேன். அவரிடம் நீ இதைச் சொல்லிவிடாதே.

இப்போது நவ்ரூஸ் புத்தாண்டு விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. இந்த வருஷம் உன் அம்மாவின் கோதுமை முளைப்பாரி பூசணம் பிடித்துவிட்டது. முப்பது வருஷத்தில் முதல்முறை. அவள் அதை யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டதை நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு தட்டில் மைசூர்ப் பருப்பை முழுசாக ஊறவைத்துப் பரப்பி, ஈரத்துணி போர்த்தித் தொட்டியின் சூடான பக்கத்தில் வைத்தேன். தொட்டிக்கு உயிர்ச்செடியும் ஆயிற்று, தார்சினுக்கு ஈரமான மறைவிடமும் ஆயிற்று, பண்டிகைக்கு முளைப்பாரியும் ஆயிற்று. பன்னிரண்டே நாளில் விளக்குச் சூட்டில் அது ஒரு சாண் உயரத்துக்கு, சீப்பால் வாரிவிட்டது போல் எழுந்து நின்றது. உன் அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், கடைசியில் "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பட்டம் எனக்குக் கிடைத்ததில்லை. அவளே சிவப்பு ரிப்பன் கட்டினாள். விருந்தாளிகள் வரும்போது மட்டும் எடுத்துப் பண்டிகை விரிப்பில் வைப்பது, அவர்கள் போனதும் தொட்டிக்குள் திருப்பி வைப்பது என்று ஏற்பாடு. தார்சின் பெரும்பாலும் அந்தப் பயிருக்குள் நுழைந்து வேரோரமாகத்தான் தூங்கும். செடி விஷயத்தில் நான் வென்றுவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

பண்டிகையின் ஒன்பதாம் நாள் இன்ஜினியர் சைரஃபியும், ஊரே 'கானும்' என்று மரியாதையாகக் கூப்பிடும் அவர் மனைவி அஃப்சர் கானுமும் வந்தார்கள். இரண்டாம் நாளே நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்குப் பதில் மரியாதை. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வாசல் மணி அடித்துவிட்டது. உன் அம்மா சமையலறையிலிருந்து "ஏங்க, முளைப்பாரி" என்றாள். நான் இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடை வழியாக ஓடி விரிப்பில் வைத்துவிட்டு, வேர்த்து வடியக் கதவைத் திறந்தேன். தேநீர் ஆயிற்று, பிஸ்தா ஆயிற்று, முழங்கால் வலி பற்றிய பேச்சும் ஆயிற்று. கிளம்பும்போது அஃப்சர் கானும் நின்று, "என்ன அழகான முளைப்பாரி ஈரஜ், இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? மனிதன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"உங்களுக்கே. எடுத்துட்டுப் போங்க."

"ஐயோ, வேணாம் வேணாம்."

"இல்ல, கண்டிப்பா எடுத்துக்கணும்."

"உங்க வீட்டு அழக நாங்க எடுத்துட்டுப் போறதா, நல்லா இருக்கே."

மூன்றாவது முறை நான் நெஞ்சில் கைவைத்து, "நீங்க எடுக்கலன்னா என் மனசு உடைஞ்சிரும்" என்றேன். நீ அந்த ஊருக்குப் போய் இதையெல்லாம் மறந்திருக்கலாம். அங்கே உன் பேராசிரியர் வீட்டில் கேக் நீட்டினார்கள், நீ முறைப்படி வேண்டாம் என்றாய், இரண்டாவது முறை கேட்பார்கள் என்று நீ காத்திருக்க அவர்கள் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், முதல் வாரம் முழுக்கப் பட்டினி கிடந்தேன் என்று அழுதாயே. அது அவர்கள் ஊர். நம் ஊரில் கொடுப்பவன் மூன்று முறை கொடுப்பான், வாங்குபவர் மூன்று முறை மறுப்பார், பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், எல்லோரும் கௌரவமாக வீட்டுக்குப் போவார்கள். அஃப்சர் கானும் மூன்றாவது முறை மறுக்கவில்லை. கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மையார் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

மாலை மாவுப்புழு கொடுக்கப் போனால் தொட்டியில் தார்சின் இல்லை. குகைக்குள் இல்லை, மரப்பட்டைக்கு அடியில் இல்லை, ஹீட்டர் மேல் கிடந்த ஜிகினாக் கொடியைக்கூட உதறிப் பார்த்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது: அது தூங்குவது எங்கே, அந்தத் தட்டு போனது எங்கே. பதின்மூன்றாம் நாள் ஊரே முளைப்பாரியைக் கொண்டுபோய் ஓடும் தண்ணீரில் விடும். சைரஃபி எதையும் நாள் தவறிச் செய்யாதவர். அப்படியானால் இன்னும் நான்கு நாள். உன் அம்மா ரொம்ப நிதானமாகச் சொன்னாள், "போன் பண்ணுங்க. 'உள்ள எங்க பல்லி இருக்கு, குடுங்க'ன்னு சொல்லுங்க. அஞ்சு வார்த்தை." நான் போன் செய்தேன். இருபத்திரண்டு நிமிஷம் பேசினோம். அவர் முழங்கால், அவர் மருமகன், அவர் வீட்டு மொட்டைமாடி ஒழுகல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன். கடைசியில் அவரே, "வேற ஏதாவதா ஈரஜ்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க ஐயா, உங்க குரலக் கேக்கலாம்னு" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் பழம் உரித்தால்தான் பயம்.

பதினொன்றாம் நாள் நேரிலேயே போனோம். ஏற்கனவே பார்த்துவிட்டுப் பதிலுக்கும் பார்த்துவிட்டவர்களை மறுபடி பார்க்கப் போவது எந்த முறையிலும் சேராது. அஃப்சர் கானும் கதவைத் திறந்து, யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்பது போல் எங்கள் முகத்தைப் பார்த்தார். முளைப்பாரி பின்பக்க வராண்டாவில், சுவரோரமாக இருந்தது. இன்ஜினியர் உன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் காற்று வாங்குவது போல வராண்டாவுக்குப் போய், குந்தி உட்கார்ந்து, பத்து விரலையும் முளைப்பாரிக்குள் விட்டுத் துழாவினேன். "தார்சின், கண்ணா, அப்பா வந்திருக்கேன்டா" என்று மெதுவாகக் கூப்பிட்டும் பார்த்தேன். வேர் பின்னிக் கிடந்ததால் விரல் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அஃப்சர் கானும் தேநீர்த் தட்டோடு வந்து நின்றார். என் கையைப் பார்த்தார், சிக்குண்டு கிடந்த பயிரைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"பதிமூணாம் நாள் வரைக்கும் பொறுக்க முடியலையா ஈரஜ்? நஸ்தரனுக்காகத்தானே முடிச்சுப் போடறீங்க?"

கல்யாணம் ஆகாத பெண்கள் பதின்மூன்றாம் நாள் புல்லில் முடிச்சுப் போட்டு வரன் வேண்டிக்கொள்வதை நான் மறந்தே போயிருந்தேன். பெண் வெளிநாட்டில் இருக்க, அப்பன் இரண்டு நாள் முன்னாலேயே, அதுவும் அடுத்தவர் வீட்டில் திருட்டுத்தனமாக முடிச்சுப் போடுகிறான் என்றால் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? இல்லை அம்மா, பல்லியைத் தேடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பழக்கதோஷம் நஸ்தரன், "உங்க வாய் முகூர்த்தம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். நான் இரண்டாவது தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அவர் ஷாஹ்ரெஸாவில் இருக்கும் தங்கையைப் போனில் பிடித்துவிட்டார். தங்கை மகன் பெஜ்மான், பல் மருத்துவர், முப்பத்துநான்கு வயது, சிகரெட் கிடையாது. பதின்மூன்றாம் நாள் இரண்டு குடும்பமும் நஜ்வான் தோப்பில் சேர்ந்து சாப்பிடுவது, அங்கேயே வாய்வார்த்தையாக உறுதி செய்துகொள்வது, கோடையில் நீ வந்ததும் மோதிரம். இன்ஜினியர் சைரஃபி, "என்ன சொல்ற ஈரஜ்?" என்று கேட்டார். நான், "உங்க இஷ்டம்ங்க ஐயா" என்றேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்; மடியில் இருந்த பல்லியை வேலிக்கு அனுப்பிவிட்டு மாப்பிள்ளையைக் கூட்டி வந்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் நடையில் இருக்கும் தன் கற்றாழைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போன உன் அம்மா வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. "மெஹ்ரி, தார்சின் பிழைக்குமா?" என்று கேட்டேன். "நீங்க வாயத் தொறந்து கேட்டா பிழைக்கும்" என்றாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் சைரஃபி தன் காரின் முன்மூடியில் முளைப்பாரியை வைத்துக் கயிறு கட்டி, எப்போதும் போல வேகமாக ஓட்டினார். அந்தக் காற்றில் தார்சின் என்ன ஆகும்? முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அவரை முந்தினேன், அதுவும் அவருக்கு முன்னால் மெதுவாகப் போவதற்காக. வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஆறு வறண்டு கிடப்பதால் ஊரே அந்த முழங்கால் ஆழத் தோப்பு வாய்க்காலுக்குத்தான் வந்திருந்தது. பாய் விரித்தோம், நூடுல்ஸ் சூப் குடித்தோம், லெட்டூஸை வினிகர்ப்பாகில் தொட்டுச் சாப்பிட்டோம். பெஜ்மானின் தாயார் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணுக்குப் பல் வரிசை எப்படி, கடைவாய்ப் பல் எடுத்திருக்கா?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். பெஜ்மான் யாரையும் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் முழுக்க அந்தத் தட்டின் மேலேயே இருந்தது. பயிர் மஞ்சளடித்துச் சாய ஆரம்பித்திருந்தது. நான்கு மணிக்கு இன்ஜினியர் எழுந்து, "நேரமாச்சு" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனோம். அவர் தட்டைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

"ஐயா, போடாதீங்க. அது என்னுது. திருப்பிக் குடுங்க."

இந்த வாக்கியத்தில் ஒரு தயவுசெய்து இல்லை, ஒரு மன்னிக்கவும் இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை, யார் இப்படி மரியாதையில்லாமல் பேசுவது என்று நான்கூடத் திரும்பிப் பார்த்தேன். சைரஃபி தட்டைத் தலைக்கு மேல் வைத்தபடியே நின்றார். முதலில் பேசியது அஃப்சர் கானும். "மகராசனா எடுத்துக்குங்க ஈரஜ். எங்க வீட்டுலயே மூணு இருந்துச்சு. அன்னிக்கு மூணாவது தடவையும் வேணாம்னுதான் சொல்ல வந்தேன், மனசு உடைஞ்சிரும்னுட்டீங்க. நாலு நாளா குனிஞ்சு குனிஞ்சு தண்ணி தெளிச்சு என் இடுப்பு போச்சு."

திறந்த வாயை மூடுவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்பதைக் கவனி. "அன்னிக்கு நான் முடிச்சுப் போடல. பல்லியத் தேடினேன். நஸ்தரன் கல்யாணத்தப் பத்தி நஸ்தரன்தான் பேசுவா, நான் பேச மாட்டேன். உங்க இஷ்டம்னு சொன்னது தப்பு." பெஜ்மானின் தாயார், "என்னது, பல்லியா?" என்றார். பெஜ்மான் அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து, "அப்ப நான் கிளம்பலாமா? கிளினிக்குல ஆள் காத்திருக்காங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, நல்ல பையன்தான் என்று எனக்குத் தோன்றியது. தட்டை வாங்கிக் கரையில் வைத்து வேரைப் பிரித்தேன். அடியில், மெலிந்து வெளிறி, உயிரோடு உட்கார்ந்திருந்தது. அதை என் தொப்பிக்குள் போட்டு மூடிக்கொண்டேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை என் பணி ஓய்வு விருந்தில்கூட நான் அனுபவிக்கவில்லை. காருக்குப் போகும் வழியில் சைரஃபி பக்கத்தில் வந்து, "இப்படிப் பேசத் தெரியும்னு அப்பவே காட்டியிருந்தா உன்னத் துணை மேலாளராப் போட்டிருப்பேன் ஈரஜ்" என்றார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, வயிறெரிவதா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

தார்சின் இப்போது தொட்டியில் இருக்கிறது. அதன் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறேன். பாதியாக இளைத்துவிட்டது. வால் பென்சில் போல் ஆகிவிட்டது, உணவுக் கிடங்கு முழுக்கக் காலி. அதிர்ச்சியில் மஞ்சள் நிறம் போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது, புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. ஆனால் வெளிக்காற்று அதற்கு அபாரமாக ஒத்துக்கொண்டிருக்கிறது. மாலையில் 'டிக் டிக்' என்று பேசுகிறது, முன்பு இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. முக்கியமாக, இப்போது கண்ணாடியில் ஏறுகிறது. மேலே மூடி வரைக்கும் போய்த் தலைகீழாகத் தொங்குகிறது. கண்ணாடியில் ஏறத் தெரியாது என்று நீ எழுதிய வரியை அடித்துவிட்டேன், அது தவறு. கஷ்டம் வந்தால் யாரும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள், நானே அதற்குச் சாட்சி.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில்: பிளாஸ்டிக். ஜிகினா இல்லாத கொடியாகப் பார்த்து வாங்கி, கம்பி நுனிகளை நறுக்கி, இன்று காலை மாட்டிவிட்டேன். உயிர்ச்செடி என்றால் தண்ணீர் கேட்கும், பூசணம் பிடிக்கும், விருந்தாளி அழகென்று சொல்வார், மாமா தின்பார், பதின்மூன்றாம் நாள் தண்ணீரில் விட வேண்டும். பிளாஸ்டிக்கை யாரும் புகழ மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள், எனக்கும் யாருக்கும் கொடுக்கத் தோன்றாது. இதுவே முடிவு. உன் அம்மா சொன்னாலும், இன்ஜினியர் சைரஃபியே நேரில் வந்து சொன்னாலும் இது மாறாது.

வேளைக்குச் சாப்பிடு. யாராவது தட்டை நீட்டினால் முதல் தடவையே எடுத்துக்கொள். குளிருக்குத் தொப்பி போடு. உன் படிப்பு நல்லபடியாக முடியவும், உன் நிழல் குறையாமல் நீ நூறு வயது வாழவும் வேண்டிக்கொள்கிறேன். உன் பேராசிரியருக்கும், உன் வீட்டுக்காரம்மாளுக்கும், உன்னோடு தங்கியிருக்கும் அந்தப் பெண்ணுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

முடிவெடுக்கத் தெரிந்த உன் அப்பா,
ஈரஜ்

பி.கு.: உறையில் போடுவதற்குள் உன் அம்மா வகுப்பிலிருந்து வந்துவிட்டாள். நின்றபடியே கடிதம் முழுவதையும் படித்தாள். கண்ணாடியில் ஏறுகிறது என்ற இடத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்து என் கையைப் பிடித்து நடைக்குக் கூட்டிப் போய், பெரிய கற்றாழைத் தொட்டியின் அடி இலையை ஒதுக்கிக் காட்டினாள். அங்கே தார்சின், மஞ்சளாக, கொழுகொழுவென்று, கட்டைவிரல் தடிமன் வாலோடு தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் முளைப்பாரியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதே நடையில் இறங்கிவிட்டிருக்கிறது. வறண்ட நாட்டுப் பல்லி, வறண்ட நாட்டுச் செடியை அதுவே தேடிப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் தொட்டியில் தலைகீழாகத் தொங்குவது சைரஃபி வீட்டு வராண்டாப் பல்லி. ஆகவே மேலே எழுதிய முடிவை அடித்து வாசித்துக்கொள்: உயிர்ச்செடி, கற்றாழை. நீ எழுதிய வரியையும் திருப்பி எழுதிவிட்டேன். அஃப்சர் கானுமின் பல்லியைத் திருப்பிக் கொடுக்க நாளைக்குப் போகிறேன், மூன்று முறை வேண்டாம் என்றாலும் வைத்துவிட்டு வருவதாக இருக்கிறேன்.

உன் அம்மா பதினொன்றாம் நாளே, தண்ணீர் ஊற்றப் போனபோதே தார்சினைப் பார்த்துவிட்டாளாம். அன்றிலிருந்து அவள்தான் மாவுப்புழு கொடுத்திருக்கிறாள்; தோப்பிலிருந்து திரும்பிய பிறகும், நானே எப்போது கண்டுபிடிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். டப்பாவில் புழு குறைவதை நான் கவனித்தேன், ஒன்றையொன்று தின்கின்றன என்று நினைத்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க தோப்புல வாயே தொறந்திருக்க மாட்டீங்க, பொண்ண அந்தப் பல் டாக்டருக்குப் பேசி முடிச்சிருப்பாங்க. பல்லிக்காகவாவது பேசுவீங்கன்னு நம்பினேன். பொண்ணுக்காகப் பேசுவீங்களான்னு எனக்கு நிச்சயமில்ல" என்றாள். திரும்பி வந்து அரை மணி நேரமாக இந்தக் காகிதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேசியிருப்பேன் நஸ்தரன்.